ஏழாவது பொம்மையின் காலடி

சமையலறையில் வாற்கோதுமைத் தேநீரை வடிகட்டிக்கொண்டிருந்த ஷிஹோ திரும்பியபோது, மகள் நோனோ பக்கத்திலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிஹோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குவளை சாய்ந்து பாதித் தேநீர் தரைக்குப் போயிற்று. நாலு வயதுக் குழந்தை அம்மாவைத் தேடி வருவதில் பயப்பட என்ன இருக்கிறது? ஆனால் அந்த வீட்டின் நடை முழுக்கப் பழைய மரப்பலகை. மூன்றாவது பலகை யார் மிதித்தாலும் முனகும். நோனோவோ நடக்கிற ரகமே இல்லை, குதிகாலை ஊன்றித் திம் திம்மென்று ஓடுகிறவள். கீழ்வீட்டு ஒகுமுரா அம்மாள் அதற்காகவே இரண்டு முறை மேலே ஏறி வந்து, குழந்தை எவ்வளவு சுறுசுறுப்பு என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பாராட்டு உண்மையில் புகார் என்பது ஒசாகாவில் பிறந்த எவருக்கும் புரியும்.

"நோனோ, அங்க போய் இன்னொரு தடவை ஓடி வா பாக்கலாம்."

குழந்தைக்குக் கொண்டாட்டம். வாசல்வரை போய்த் திரும்பி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். வெளியே சிள்வண்டுகளின் இரைச்சல் கேட்டது, குளிர்பதனப்பெட்டியின் உறுமல் கேட்டது, ஏசியிலிருந்து பால்கனி வாளியில் சொட்டும் தண்ணீர்கூடக் கேட்டது. நோனோவின் கால்கள் மட்டும் கேட்கவில்லை. மூன்றாவது பலகையை அவள் மிதித்ததை ஷிஹோ கண்ணால் பார்த்தாள், அது வாயைத் திறக்கவில்லை.

ஷிஹோ காதை வைத்துப் பிழைக்கிறவள். பதினெட்டுப் பேர் கொண்ட சின்ன வீடியோ விளையாட்டு நிறுவனத்தில் அவள்தான் ஒலிக்கு முழுப் பொறுப்பு. இருபத்துமூன்று வருடங்களுக்கு முன் கைக்கடக்கமான கருவியில் வந்து, பள்ளிப் பிள்ளைகள் ரயிலிலும் கழிப்பறையிலும் விளையாடித் தீர்த்த 'சாவிக்காரன்' என்ற விளையாட்டை இன்றைய பெரிய திரைக்காகப் புதிதாகச் செய்து தரும் வேலை அவர்களுக்கு வந்திருந்தது. பூட்டிய வீடு ஒன்று. அதற்குள் ஆறு மரப்பொம்மைகள். சாவிக்காரன் பெட்டிகளைத் தள்ளி, மேடைகளில் தாவி, கதவு கதவாகத் திறந்து, மணி அடிப்பதற்குள் பொம்மைகளை வெளியே கூட்டிவர வேண்டும். பொம்மைகளுக்குக் கண் கிடையாது, அவன் காலடியைக் கேட்டுத்தான் பின்னால் வரும். மணி அடிக்கும்போது உள்ளே நின்றுவிட்ட பொம்மை உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

பழைய விளையாட்டைப் புதுப்பிப்பதில் ஒரு விதி உண்டு. தெரியாத எதையும் தொடக்கூடாது. சாவிக்காரன் தாவுகிற நேரம் இம்மி மாறினாலும் பழைய ரசிகர்கள் இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். அதனால் பழைய தரவில் கிடந்த குப்பைகூட இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தக் குப்பையில் ஏழாவது பொம்மையும் ஒன்று. அதற்குப் படம் இல்லை, எந்த அறையிலும் இடம் இல்லை. ஓர் எண்ணும் நான்கு ஒலி இடங்களும்தான் இருந்தன: காலடி, சிரிப்பு, கூப்பிடும் குரல், சும்மா நிற்கும்போது விடும் மூச்சு. நான்கும் காலி. யாரோ நினைத்து, பிறகு வேண்டாமென்று விட்டது.

காலி இடம் இருந்தால் புதிய நிரல் பாதியில் நின்றுவிடுகிறது என்றான் நிரலாளன் ஹமாகுச்சி. "எதையாவது போட்டு அடைச்சிடுங்க ஷிஹோ சான். போன விளையாட்டுல பூதத்துக்கு எங்க வீட்டு நாய்தானே குரைச்சுது. கடைசி நாள் வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல."

எல்லாரும் செய்வதுதான். தற்காலிகமாக வீட்டு ஒலி எதையாவது போட்டுவிட்டு, ஒப்படைக்கும் முன் எடுத்துவிடுவார்கள். ஷிஹோ தன் கைபேசியில் இருந்த நோனோவைப் போட்டாள். நடையில் எட்டு அடி வைத்து ஓடும் சத்தம். தொட்டித் தண்ணீரில் பிளாஸ்டிக் தவளையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, இருக்கியா?" மதியத் தூக்கத்து மூச்சு. போட்டுவிட்டு அவளே கேட்டு ரசித்தாள்.

இப்போது முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை விடுமுறை. அலுவலகமும் இல்லை, குழந்தைகள் காப்பகமும் இல்லை. கணவன் ஃபுகுவோகாவில் மாற்றல் வேலையில் இருந்தான். பதினாறாம் தேதி இறுதி வடிவம் போயாக வேண்டும் என்பதால் சோதனைக் கருவியை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். தேநீர் கொட்டிய அன்று மதியம் காதுகளை மூடும் ஒலித் தலையணியை மாட்டி, விளையாட்டின் ஐந்தாம் அறையை ஓட்டினாள். சாவிக்காரனின் செருப்புச் சத்தம். பின்னால் ஆறு மரக்கால்கள். ஒவ்வொன்றையும் அவளே தனித்தனி மரத்துண்டில் தட்டிப் பதிவு செய்ததால் தூக்கத்தில் கேட்டாலும் பிரித்துச் சொல்வாள்.

ஆறுக்கும் பின்னால், சற்றுத் தள்ளி, வெறுங்கால்.

ஹமாகுச்சிக்குப் போன் போட்டாள். அவன் தன் பக்கம் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, ஏழாவது பொம்மையின் ஒலி இதுவரை ஒரு முறைகூட ஒலிக்கவில்லை, கணக்கு பூஜ்யம் என்றான். தலையணியைக் கழற்றிவிட்டுத் தூங்குங்கள் என்றும், வெயில் காலத்தில் தனக்கும் இல்லாத கொசுவெல்லாம் காதில் பாடும் என்றும் சொன்னான். அவன் சிரித்ததில் அவளுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

மறுநாள் நோனோவின் சிரிப்பு போயிற்று. குளியல்தொட்டியில் தவளை குப்புற விழுந்தது, குழந்தையின் தோள்கள் குலுங்கின, வாய் அகலத் திறந்தது, கண்ணில் நீர்கூட வந்தது. தண்ணீர் அலம்பும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஷிஹோ துண்டால் அவளைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்த் திரையின் முன் உட்கார்ந்தாள். பதினான்காம் அறையில், இருட்டுப் படிக்கட்டுக்கு அப்பால், தலையணியின் இடது காதில் நோனோ சிரித்தாள்.

அங்கே கேட்பது இங்கே போய்விடுகிறது. அது ஷிஹோவுக்குப் புரிந்தது. அன்றே நான்கு பதிவுகளையும் அழித்துவிட்டு, கட்டையைத் தட்டி நான்கு மொட்டைச் சத்தங்களை வைத்து அனுப்பினாள். மாலையில் புது வடிவம் வந்தது. ஓட்டிப் பார்த்தாள். வெறுங்கால் அங்கேயே இருந்தது. முன்பாவது எட்டே எட்டு அடிகள், திரும்பத் திரும்ப. இப்போது அது சரளையில் தயங்கியது. படிக்கட்டில் ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, நின்று, அடுத்த படிக்கு ஏறியது. நோனோ அப்படித்தான் ஏறுவாள். அதை ஷிஹோ ஒருநாளும் பதிவு செய்ததில்லை.

மூன்றாம் நாள் குரலும் இல்லை. மருத்துவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார், முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், மூச்சு சுத்தமாக இருக்கிறது, கோடைச் சளிதான், ஒரு வாரத்தில் பேசுவாள் என்று இனிப்பு மருந்து எழுதிக் கொடுத்தார். கால் சத்தம் கேட்கவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? குழந்தை ஜாடை காட்டிப் பழகிவிட்டாள். பசிக்கு வயிற்றைத் தட்டினாள். சத்தமில்லாமல் தட்டினாள்.

வெளியில் சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் ஷிஹோவுக்குத் தன் குழந்தையைப் பார்த்தே பயம் வர ஆரம்பித்தது. திரும்பினால் நிற்கிறாள். கதவைத் திறந்தால் நிற்கிறாள். எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள், தெரியவில்லை. சோற்று உருண்டையை மெல்லும் அந்தச் சின்ன வாயிலிருந்து ஒரு சப்புக்கொட்டலும் இல்லை. தலையணியை மாட்டினால் மட்டும் நோனோ இருந்தாள். இடது காதில் ஓடினாள், சிரித்தாள், "அம்மா, இருக்கியா?" என்றாள். ஷிஹோ வேலை முடிந்த பிறகும் தலையணியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். உண்மையான குழந்தை பக்கத்தில் நின்று சட்டையை இழுத்தது. சில நேரம் அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பதினைந்தாம் தேதி புயல் வந்தது. ரயில்கள் நின்றுவிட்டன. பிற்பகல் மூன்று மணிக்கே வீடு இருட்டிவிட்டது, புயல்கதவுகளை இழுத்து மூடிய பிறகு திரையின் வெளிச்சம்தான் மிச்சம். பாயில் தூங்கிக்கொண்டிருந்த நோனோவின் மார்பில் ஷிஹோ காதை வைத்தாள். மார்பு ஏறியது, இறங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. மூச்சின் இழுப்பு, மூக்கின் சிறு விசில், எதுவும் இல்லை. தலையணியை எடுத்து ஒரு காதில் வைத்தாள். அங்கே, மிக அருகில், தூங்கும் குழந்தையின் மூச்சு.

நாலும் போய்விட்டது. இனி என்ன போகும்?

போனில் ஹமாகுச்சியைக் கூப்பிட்டாள். ஏழாவது பொம்மையை எப்படியாவது வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டாள். அவள் அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேலி செய்யவில்லை. பழைய தரவின் வரிசையைத் தொட்டால் நாளைக்கு ஒப்படைக்க முடியாது, இயக்குநர் நிஷிவாகி விடமாட்டார் என்று தயங்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"அந்த விளையாட்டுல ஒரு பொம்மையை விடுவிக்க ஒரே வழிதான் ஷிஹோ சான். வாசல் வரைக்கும் கூட்டிட்டு வரணும்."

அவள் முதல் அறையிலிருந்து தொடங்கினாள். ஆறு பொம்மைகளை மனசிலேயே வைக்கவில்லை, கண்ணையும் நம்பவில்லை. வெறுங்கால் பின்தங்கினால் நின்றாள். படிகளில் காத்திருந்தாள். தாவல்களுக்கு முன் சாவிக்காரனின் காலை இரண்டு முறை தட்டவைத்து அழைத்தாள். காற்று புயல்கதவுகளைப் பிடித்து உலுக்கியது. நடுவில் நோனோ எழுந்துவிட்டாள். திரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், பிராண்டினாள், கருவியின் கம்பியைப் பிடுங்கப் போனாள். ஷிஹோ அவளைத் தள்ளிவிட்டாள். கொஞ்சம் பலமாகவே தள்ளிவிட்டாள்.

"உனக்காகத்தான்டி செய்றேன். சும்மா இரு."

முப்பத்திரண்டாம் அறை. கடைசிக் கதவு. மணிக்கு இன்னும் பதினோரு விநாடி. சாவி திரும்பியது. மரக்கால்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஆறு. வெறுங்கால் வாசற்படியில் நின்றது. மூச்சு வாங்கியது. வெளியே போயிற்று.

தலையணியில் வெறும் நிசப்தம்.

ஷிஹோ அதைக் கழற்றினாள். நோனோவைப் பார்த்தாள். "ஏதாவது சொல்லு கண்ணு." குழந்தையின் உதடுகள் அசைந்தன. ஒன்றும் வரவில்லை.

அப்போது வீட்டுக்கு வெளியே, பொது நடையில், காலடி கேட்டது.

திம். திம். திம். குதிகால் ஊன்றி ஓடி வந்தது. கதவருகில் நின்றது. கதவின் அடிப்பக்கத்தில், நாலு வயதுக் கை எட்டும் உயரத்தில், தட்டியது.

"அம்மா, இருக்கியா?"

ஷிஹோ எழுந்தாள். சில நாட்களாகத் தலையணிக்குள் மட்டும் இருந்த குரல். ஈரமாக, அருகில், உயிரோடு. கால் தானாக நடந்தது. மூன்றாவது பலகை அவள் காலடியில் முனகியது. நோனோ அவளுக்கு முன்னால் ஓடிக் கதவில் முதுகைச் சாய்த்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம்.

"அம்மா, மழையா இருக்கு. திற."

வேண்டாம்.

"அம்மா, உள்ள இருக்கிறது நான் இல்லம்மா."

ஷிஹோ நின்றாள். கீழே பார்த்தாள். நனைந்த கண்கள், திறந்து மூடும் வாய், சத்தமே இல்லாத சின்ன உடம்பு. எத்தனை நாளாக இது பின்னால் வந்து வந்து நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் நோனோ விம்மினாள். அந்த விம்மலின் நடுவில் வரும் சிறு விக்கல்வரை அவளுக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் அவள் காதைத்தான் நம்பியிருந்தாள்.

குழந்தையைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். தாழ்ப்பாளை விலக்கினாள்.

காற்று முகத்தில் அறைந்தது. வாசலில் யாரும் இல்லை. நனைந்த சிமெண்டுத் தரை, விளக்கு, உருண்டு கிடந்த யாருடைய பூந்தொட்டியோ ஒன்று.

காலடி அவளைத் தாண்டி உள்ளே வந்தது.

மரக்கால் அல்ல. வெறுங்கால். மூன்றாவது பலகை முனகியது. நிதானமாக, அவசரமில்லாமல், நடையில் போயிற்று. நோனோ பின்வாங்கினாள். தன் உயரத்திலேயே, தனக்கு ஒரு சாண் முன்னால், எதையோ பார்த்துக்கொண்டு பின்வாங்கினாள். முதுகு சுவரில் முட்டியது. பலகைகள் ஓய்ந்தன. கதவு ஷிஹோவின் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

இருட்டில் நோனோவின் குரல் சிரித்தது.

நோனோ அழுதுகொண்டிருந்தாள்.