காவலை விட்டு வந்தவனின் மனைவி

"பட்டாளத்துலேர்ந்து ஒருத்தனை வெளியே தள்ளணும்னா ஆறே ஆறு காரணம்தான்! இருபத்திநாலு வருஷம் அங்கே குப்பை கொட்டினவன்டா நான்... எனக்குத் தெரியாதா?"

மேசைமேல் வைத்த தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. மாமனார் உட்காரவில்லை. அன்று காலைத் தபாலில் வந்த தாளைக் கையில் பிடித்தபடி, ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் தளராத அந்த விறைப்போடு கூடத்தின் நடுவில் நின்றார். எதிரே சுவரோரமாகத் தலை குனிந்து நின்றான் மகன். அவன் வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. லீவில் வந்திருக்கிறான் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். தாளில் இருந்ததோ ஒரே ஒரு வரி: பணிக்குத் தகுதியற்றவர் என நீக்கப்பட்டார்.

மாமனார் ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

"திருடினியா? என் பிள்ளை திருட மாட்டான். குடிச்சிட்டு ரகளை பண்ணினியா? குடிக்கிற மூஞ்சி இல்லை இது. மேலதிகாரி மேல கை வச்சியா? அந்தத் துணிச்சலும் உனக்குக் கிடையாது. பொய் சர்டிபிகேட் குடுத்தியா? எல்லாத்தையும் நான்தானே கூட வந்து குடுத்தேன்! உடம்பு கெட்டுப் போச்சா? கல்லுக்குண்டு மாதிரி நிக்கிறே! அப்போ மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான்டா. காவல்ல நின்ன இடத்தை விட்டு ஓடி வந்துட்டியா? வாயைத் திறந்து சொல்லு!"

மகன் சுவரோடு இன்னும் ஒண்டிக்கொண்டான்.

சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள் மருமகள். அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும். முந்தாநாள் மத்தியானம், கதவைச் சாத்திவிட்டு, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஆஸ்பத்திரித் தாள் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்திருந்தான் கணவன். அவனுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. பகலிலும் நேரே பார்ப்பதுதான் தெரியும். பக்கவாட்டில் இருப்பது தெரியாது. பரம்பரையாக வரும் நோய், மருந்தில்லை, மெல்ல மெல்ல மொத்தமும் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். பட்டாளத்தில் சேரும்போது 'கண்ணில் குறை உண்டா' என்ற கேள்விக்கு, தெரிந்தே 'இல்லை' என்று எழுதியிருந்தான். ஒரு வருஷமாக ஒரு சிநேகிதன்தான் இருட்டில் அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து நடத்திக்கொண்டு போயிருக்கிறான். அன்றைக்கு எண்ணெய்க் கிடங்கு வாசலில் இவன் தனியாகக் காவல் நின்றபோது பொழுது மங்கிவிட்டது. ரோந்து போனவர்கள் திரும்பி வந்து விளக்கை ஆட்டிக் காட்டியது இவன் கண்ணில் படவில்லை. ஜெனரேட்டர் இரைச்சலில் அவர்கள் குரலும் கேட்கவில்லை. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. சுட்டுவிட்டான்... குண்டு அந்தச் சிநேகிதன் கையிலேயே பாய்ந்தது.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "பரம்பரை நோய்னு வெளியே தெரிஞ்சா பொடிசை எவன் கட்டிக்குவான்? இப்பதானே ஒரு இடம் கூடி வருது... என் மேல ஆணையா, யார்கிட்டயும் சொல்லாதே!"

பொடிசு என்பது அவன் தங்கை. இருபத்துமூன்று வயதாகியும் வீட்டில் இன்னும் பொடிசுதான். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். இப்போது அவளும் கூடத்தில், வேலைக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டியபடி, அண்ணன் முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்றியா, இல்லே நான் நேரா அங்கேயே போய்க் கேக்கட்டுமா?" மாமனார் செருப்பைத் தேடினார்.

போனால் எல்லாம் தெரிந்துவிடும்.

"மாமா!" மருமகள் கூடத்துக்கு வந்தாள். "அவரை ஒண்ணும் கேக்காதீங்க மாமா. தப்பு என் மேலதான். எனக்கு இங்கே தனியா இருக்க முடியலை. தினம் போன் பண்ணி அழுதேன். இப்ப வரலேன்னா உயிரை விட்டுடுவேன்னு சொன்னேன். அதான் அவரு... காவலை விட்டுட்டு..."

மாமனார் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முகம் சாம்பலாகிவிட்டது.

"பாவி!" மாமியார்தான் முதலில் வாய் திறந்தாள். "குடி கெடுத்துட்டியேடி! புருஷன் பேரைப் பத்துப் பேர் சொல்ற இடத்துலேர்ந்து இழுத்து முற்றத்துல போட்டுட்டியே... நல்லா இருப்பியா நீ?"

அன்றோடு அந்த வீட்டில் சிரிப்பு நின்றது.

மாமனார் மகனோடு பேச்சை விட்டார். அவன் சாப்பிட வந்தால் எழுந்து போய்விடுவார். மகன் தானியக் கிடங்கு ஒன்றில் மூட்டைக்கு முத்திரை குத்தும் வேலைக்குப் போனான். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவான். தெருவில் அவனுக்கு 'ஓட்டக்காரன்' என்று பேர் விழுந்துவிட்டது. முடி வெட்டப் போனால் கூட "வாங்க ஓட்டக்காரரே, இன்னிக்காவது முழுசா வெட்டி முடியறவரைக்கும் உக்காருவீங்களா?" என்று கிண்டல். மாமியாரோ குழாயடியில், கடையில், கீழ்வீட்டு வாசலில், யார் கிடைத்தாலும் மருமகள் பெருமையைத்தான் பாடினாள். "போன் போட்டுப் போட்டு அழுதே சாதிச்சுட்டா. ராஜா மாதிரி இருந்த பிள்ளை இப்ப மூட்டை எண்ணறான்!"

மருமகள் கூடத்து மூலையில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, ரெடிமேட் கடைக்காகச் சட்டைக் காலர்களைத் தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். காது கேட்கும்; கால் மிதிக்கும். சில நாள் துணி நனைந்து ஊசி வழுக்கும். ஐந்து மாசம் இப்படியே ஓடியது. கணவன் அவள் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தான்.

ஒரு மத்தியானம் பொடிசு வெயிலில் நடந்து வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். "அண்ணி, நூல் டப்பாவை எடுத்துத் தரட்டுமா?" என்று உள்ளறைக்குள் போனவள், அலமாரிக்கு முன்னால் நின்று காற்றில் கையை அலைய விட்டாள். டப்பா அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது!

"பல்பு போயிடுச்சா அண்ணி? ஒரே இருட்டு..."

பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணி கீழே மாவு வாங்கப் போவதுபோல் படிக்கட்டில் போய் நின்றாள். பொடிசு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். உதடு அசைந்தது. "ஒம்போது... பத்து... பதினொண்ணு..."

படியை எண்ணி ஏறுகிறாள். அவள் அண்ணனும் அப்படித்தான் ஏறுவான்.

"வாக்குக் குடுத்திருக்கே" என்றான் கணவன், அவள் சொன்னதும். குரல் உடைந்திருந்தது. "கல்யாணம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்..."

"முடிஞ்சு, அந்த வீட்டுல ஒரு பிள்ளையைப் பெத்து, அப்புறமா சொல்லலாமா? பொடிசு கண்ணு போகலாம்... ஆனா அது அவளுக்கே தெரியக் கூடாதா?" அவள் முதல்தடவையாக அவனிடம் குரல் உயர்த்தினாள். "உங்களுக்காக வாயை மூடினேன். அவளுக்காகத் திறக்கப் போறேன். ஆணையை என் தலையிலேயே போட்டுக்கறேன், விடுங்க."

மறுநாள், நூல் வாங்கப் போவதாகச் சொல்லி நாத்தனாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். டாக்டர் சொன்னதைக் கேட்டு வெளியே வந்த பொடிசு, வராந்தா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அங்கேதான் அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்தப் பெண் அண்ணியின் கையைப் பற்றிக்கொண்டாள். பிறகு, "அம்மா பேசின பேச்சு அத்தனையும்... அஞ்சு மாசமா... எனக்காகவா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?" என்றாள்.

"உனக்காகன்னுதான் நெனச்சேன். ஆனா தெரியாமலே நீ தனியாப் படி ஏறி இறங்கிட்டு இருந்தே பாரு... அது நான் உனக்குச் செஞ்ச துரோகம். என்னை மன்னிச்சுடு."

பொடிசு அண்ணியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வராந்தாவில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் தேதி பேச வந்தார்கள். மாப்பிள்ளை மின்சார வேலை செய்பவன், சாதுவான பையன். அவன் அம்மா தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பிள்ளையைப் பட்டாளத்துலேர்ந்து ஏன் அனுப்பிட்டாங்க? தெருவுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

மாமனாரின் கழுத்து நரம்பு புடைத்தது. "அதுல மறைக்க ஒண்ணும் இல்லீங்க. என் மருமக புத்திகெட்டு அழுது இவனை இழுத்துட்டு வந்துட்டா. ஏம்மா, இங்கே வா. உன் வாயாலேயே சொல்லிடு. எங்க ரத்தத்துல குறை இல்லேன்னு இவங்களுக்குத் தெரியணும்."

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அந்நியர் முன்னால் அந்தப் பொய்யை மறுபடி சொல்லச் சொல்கிறார்கள். கணவன் கதவருகே தரையைப் பார்த்தபடி நின்றான். அவள் பொடிசைப் பார்த்தாள். இது பொடிசு சொல்ல வேண்டியது. அவள் விருப்பம் எப்படியோ அப்படி என்று ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"வந்து... நான்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"போதும் அண்ணி!" பொடிசு எழுந்தாள். "இனிமே ஒரு வார்த்தை சொல்லாதீங்க... அப்பா, அண்ணன் காவலை விட்டு ஓடி வரலை. அண்ணனுக்குக் கண்ணு தெரியலை. எனக்கும் அந்த நோய் இருக்கு. புதன்கிழமை டாக்டர் சொன்னாரு." மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "இது தெரிஞ்சும் வேணும்னா பேசுங்க. தெரியாம வேண்டாம்."

"என்ன உளர்றே? பரம்பரையா? எங்க வம்சத்துல யாருக்குடி கண்ணு..." மாமனார் பாதியில் நின்றார்.

ஏனென்றால் மாமியார் தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தாள்.

"என் தம்பிக்கு இருந்துச்சுங்க" என்றாள். அழுகை இல்லாமல், எங்கோ ஆழத்திலிருந்து வந்தது குரல். "அவன் கண்ணு விபத்துல போச்சுன்னு உங்ககிட்ட பொய் சொல்லித்தான் என்னைக் கட்டிக் குடுத்தாங்க. இவனுக்கு ஆறு வயசிருக்கும்போதே எனக்குத் தெரியும். பொழுது சாஞ்சா என் புடவையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பான். வெளியே சொல்லாதேடான்னு சொன்னவ நான்தான். படியை எண்ணி ஏறச் சொல்லிக் குடுத்தவளும் நான்தான். பட்டாளத்துக்கு உங்க ஆசைக்குப் போனான்... மறைச்சு எழுதுடான்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். இவ பொய் சொன்ன அன்னிக்கே இது பொய்னு எனக்குத் தெரியும்! தெரிஞ்சுதான்... தெரிஞ்சேதான் தெருவெல்லாம் போய் இவளைத் திட்டினேன். இவ மேல பழி இருக்கிற வரைக்கும் யாரும் என்னைக் கேக்க மாட்டாங்களே..."

மருமகள் மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"அத்தைக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் தலை இன்னும் கீழே போனது. ஐந்து மாசத்துப் பேச்சையும் ஏச்சையும் தாங்கியவள் அந்த ஒரு தலைகுனிவில் உடைந்து போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். "யோசிச்சுச் சொல்றோம்" என்றாள் அந்த அம்மா. மாப்பிள்ளை வாசலில் ஒருகணம் நின்று பொடிசைப் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அவர்கள் அப்புறம் வரவில்லை.

மாமனார் மனைவியை அடிப்பார், கத்துவார் என்று எல்லாரும் பயந்தார்கள். அவர் மகனிடம் போனார். ஐந்து மாசத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"கண்ணு தெரியாம துப்பாக்கியோட காவல் நின்னிருக்கே... உன் குண்டு யார் மேலயாவது பட்டுச்சாடா?"

"சிநேகிதன் கையிலப்பா... மூணு விரல் போயிடுச்சு."

"போய்ப் பார்த்தியா?"

"எந்த மூஞ்சியோட போய்ப் பார்ப்பேன்?"

கிழவரின் விறைப்பு அப்போதுதான் கலைந்தது. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "நான் கூட வர்றேன். உன்னைப் பட்டாளத்துக்குப் பிடிச்சுத் தள்ளினவன் நான்தானே... நானும் அவன் முன்னாலே நிக்கணும்." பிறகு மருமகளைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பிவிட்டு உள்ளே போனார். அவரைத் தொடர்ந்து போன மகனின் விசும்பல் வெகுநேரம் கேட்டது. மருமகள் எழுந்து போய் அவனைத் தேற்றவில்லை. அதற்கு இன்னும் நாள் ஆகும்.

மாமியார் தவழ்ந்துவந்து அவள் காலைத் தொடப் போனாள்.

"வேண்டாம் அத்தை!" அவள் பின்வாங்கினாள். "காலைத் தொட்டா எல்லாம் சரியாப் போயிடுமா? நீங்க என்னை எங்கே திட்டினீங்க... இந்தக் கூடத்துலயா?"

மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து, கலைந்த தலையைக்கூட முடியாமல், படியிறங்கிப் போனாள்.

மருமகள் ஜன்னலுக்கு வந்தாள். கீழ்வீட்டுக் கதவை மாமியார் தட்டுவது தெரிந்தது. கதவு திறந்தது. "என் மருமக மேல நான் சொன்னதெல்லாம் பொய். அவ ஒரு தப்பும் பண்ணலை. தப்பு பண்ணினது நான்" என்ற குரல் மேலே வரை கேட்டது. அடுத்த கதவு. மறுபடி அதே வார்த்தைகள். மூன்றாவது வாசலில் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி ஏதோ கேட்க, இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எ... என் மருமக மேல..." என்று ஆரம்பித்த மாமியாருக்குக் குரல் எழவில்லை. தெரு நடுவில், மத்தியான வெயிலில், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் வாய் கோணி நின்றாள்.

மருமகள் செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மாமியாரின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுத் தாங்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க அத்தை" என்றாள். "நான் பக்கத்துல நிக்கிறேன். சொல்லி முடிங்க."