கவிதை பழகிப்போன ஊர்

கிளீட்டஸ் அந்தக் கவிதையைப் படித்து முடித்தபோது அவன் நெற்றியில் கட்டியிருந்த அகமானி ஊதாவாக ஒளிர்ந்தது. அவன் அம்மா ரெஜினாள் எழுந்துபோய் முதலில் சன்னலைச் சாத்தினாள். பிறகுதான் பட்டையை அவிழ்த்தாள்.

விரல் அகலமே உள்ள பட்டை அது. படிக்கிறவருக்குள் என்ன நடக்கிறது என்பதை நிறமாகக் காட்டும். வரிகள் கண்ணில் பட்டுக் கடந்து போனால் வெள்ளை. பொருள் உள்ளே போய்த் தைத்தால் ஊதா. விடைகளை எல்லாம் எந்திரங்களே எழுதித் தரத் தொடங்கிய பிறகு, மாணவர்கள் கைப்பட எழுதியதையும் யாரும் நம்பவில்லை. அதனால் எழுத்துத் தேர்வுகளை எடுத்துவிட்டு அகமானியைக் கொண்டுவந்தார்கள். அதனிடம் நடிக்க முடியாது. விழுந்து புரண்டு அழுதாலும், உள்ளே ஒன்றும் அசையவில்லை என்றால் வெள்ளைதான்.

பதினெட்டு வயதானவர்கள் எல்லோரும் பொருளுணர்வு வாரியத்தின் முன் உட்கார்ந்து ஒரு கவிதை படிக்க வேண்டும். கடலடிக் கனிமங்களுக்கான போர் தொடங்கியதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரே கவிதைதான். அதை யாரும் மறைத்து வைக்கவில்லை. தூத்துக்குடியில் பள்ளிக்கூடச் சுவர்களில்கூட ஒட்டியிருந்தார்கள்.

வளர்கிற வயதென்று
ஓர் அளவு பெரிதாகவே கொடுத்தார்கள் காலணியை.
முனையில் பஞ்சு திணித்து நடந்தான்.
தூக்கி வந்தபோது பஞ்சைக் காணோம்.
அவன் வளர்ந்து நிரப்ப வேண்டிய இடத்தில்
யாருடைய ஊரோ தெரியவில்லை,
கொஞ்சம் மண் இருந்தது.

ரெஜினாளுக்கு முதலில் அது பிடிபடவில்லை. காலணிக்குள் மண் போவதில் என்ன இருக்கிறது என்று மகனிடம் கேட்டாள்.

“அவன் இன்னும் வளர வேண்டிய சின்னப் பயதாம்மா,” என்றான் கிளீட்டஸ். “இன்னும் ரெண்டு வருசம் இருந்தா அவன் கால் வந்திருக்கும் அந்த எடத்துக்கு. கால் வரல. செத்துப்போன எடத்து மண்ணு வந்து நெரப்பிட்டு. அதுவும் அவன் ஊர் மண்ணு இல்ல.”

சொல்லும்போது அவன் குரல் அடைத்தது. ரெஜினாளுக்கும் இப்போது அது பிடிபட்டது. ஆனால் அதற்கு மேல் அவளை வேறொரு கேள்வி அரித்தது. மூன்று வருடமாகப் போர் நடத்துகிற அரசாங்கம், போர் வேண்டாம் என்று சொல்கிற கவிதையை எதற்காகப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறது? படித்து உருகுகிறவர்கள் யார் யார் என்று எதற்காகப் பார்க்கிறது?

பக்கத்து வீட்டு மரியதங்கத்தின் மகள் பெனிற்றா போன வருடம் தேர்வுக்குப் போனாள். பட்டை பளிச்சென்று ஊதாவாக மின்னியதாக ஊரே பேசியது. அடுத்த வாரம் சாம்பல் நிற வண்டி ஒன்று வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. வடக்கே வேலை கிடைத்திருக்கிறது என்று மட்டும் மரியதங்கம் சொன்னாள். என்ன வேலை என்று கேட்டால், அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விடுவாள். ஒரு வருடமாக அப்படித்தான். கூடப் பிறந்தவளைப் போலப் பழகியவள், தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தேர்வு முடிந்தவர்களில் யாரை எங்கே, எதற்காக அனுப்புகிறார்கள் என்று வாரியம் யாரிடமும் சொன்னதில்லை. போரை வெறுக்கிற பிள்ளைகளை இந்தக் கவிதையைத் தூண்டிலாகப் போட்டுப் பிடிக்கிறார்கள் என்று ரெஜினாள் முடிவுசெய்தாள். புருசன் காய்ச்சலில் போனபின் அவளுக்கு இருந்தது கிளீட்டஸ் ஒருவன். அவனை அந்த வண்டியில் ஏற்றிவிட அவள் தயாராக இல்லை.

என்ன செய்யலாம் என்பதை அவளுக்குக் காட்டியது அவள் பார்த்த வேலை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவள் குழாய்களின் அழுத்தத்தைக் கவனிப்பவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எச்சரிக்கை மணி அடித்தால் நெஞ்சு பதறும். அது ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் அவளும் மற்றவர்களும் அந்தச் சத்தத்துக்கு நடுவே சோறு தின்னவும் கதை பேசவும் பழகிவிட்டார்கள். மணி அடிக்கவில்லை என்று அவர்களால் சொல்ல முடியாது. காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளே வீட்டில் கவிதை ஓடத் தொடங்கியது. ஒரு பதிவுக்குரல் விடியலிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. கிளீட்டஸ் பல் விளக்கும்போதும், மீன் குழம்பில் சோறு பிசையும்போதும், சட்டைக்கு இஸ்திரி போடும்போதும் கூடச் சேர்ந்து சொல்ல வேண்டும். ரெஜினாள் பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் சொன்னாள். கடைசி வரியிலிருந்து மேலே போகச் சொன்னாள். எத்தனை மெய்யெழுத்து, எத்தனை உயிர்மெய் என்று எண்ணச் சொன்னாள். சினிமாப் பாட்டு மெட்டில் பாடச் சொன்னாள். இடையிடையே சந்தையில் வாங்கிய பழைய அகமானியை அவன் நெற்றியில் கட்டிப் பார்ப்பாள்.

முதலில் அவனுக்குக் கோபம் வந்தது. ஒருநாள் பதிவை நிறுத்திவிட்டு அவள் எதிரே வந்து நின்றான்.

“இத விட்டுருங்கம்மா. எனக்கு இது பிடிச்சிருக்கு. நல்லா இருக்க ஒண்ண எதுக்குப் போட்டுக் கொல்லுதிய?”

“நீ உசுரோட வீட்ல இருக்கணும்லா, யய்யா. கவிதைக்கு என்ன, அது கெடக்கட்டும்,” என்றாள் ரெஜினாள்.

அவன் தானே போய்ப் பதிவை மறுபடி ஓடவிட்டான்.

ஊதா மெல்ல மங்கியது. மாதாகோவில் திருவிழாக் கொடி ஏறும் சமயத்தில் பட்டை முழு வெள்ளையாக நின்றது. அந்த வாரம்தான் கிளீட்டஸின் வகுப்புத் தோழன் ஒருவனின் அண்ணன் உடலைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். கிளீட்டஸ் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தான். கூட்டம் அதிகம், அதனால்தான் நேரமாகிவிட்டது என்றான். தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, குழம்பில் உப்பு கூட என்றான். ரெஜினாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வு நினைப்பில் இருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆலையில் கூட வேலை பார்த்த பெண்கள் அவளிடம் வழி கேட்டார்கள். அவர்கள் வீட்டிலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். மறைத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பதிவைக் கொடுத்தாள், முறையையும் சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச நாளில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு அந்தக் கவிதைதான் கேட்டது, மாவரைக்கிற சத்தத்தோடும் குக்கர் விசிலோடும் கலந்து.

தேர்வு நாளன்று கிளீட்டஸின் பட்டை வெள்ளையை விட்டு அசையவே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைப் பார்த்துச் சிரித்து அவன் கையைக் குலுக்கியதாக வந்து சொன்னான். எதற்காகச் சிரித்தார் என்று ரெஜினாள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது, வாசலில் அதே சாம்பல் நிற வண்டி நின்றது. வாரியத்து அதிகாரி ஒரு பெண்மணி. பெயர் திலகராணி என்றார். ஊருக்குப் புதியவர் என்பது பேச்சில் தெரிந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தார். கிளீட்டஸ் கடலடிப் படைக்குத் தேர்வாகியிருப்பதாகவும், வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும் என்றும் சொன்னார்.

எங்கோ தவறு நடந்திருக்கிறது என்றாள் ரெஜினாள். இவன் பட்டை வெள்ளை, கூப்பிட வேண்டியது ஊதாக்காரர்களை அல்லவா என்று கேட்டாள். அப்படி யார் சொன்னது என்று அதிகாரி திருப்பிக் கேட்டார்.

“பொறகு பெனிற்றாவ எங்க கொண்டுபோனிய?”

அதிகாரி குரலைத் தாழ்த்திச் சொன்னார். “உங்க பையனுக்குத் தேர்வு முடிஞ்சுட்டதால உங்களுக்கு இனிமே சொல்லலாம். காயம்பட்டவங்க இருக்கிற ஆஸ்பத்திரியில வேலை பாக்குறாங்க. நல்லாத்தான் இருக்காங்க. முதல் வருஷம் ஊதா, வெள்ளைன்னு பாக்காம எல்லாரையும் போர்முனைக்கு அனுப்பினோம். கவிதை புரிஞ்சவங்க சுட வேண்டிய நேரத்துல நின்னுட்டாங்க. எதிர்ல நிக்கிறவன் காலப் பாத்துக்கிட்டு நின்னாங்கன்னு அறிக்கையில இருக்கு. அதுக்கப்புறம் ஊதா வந்தவங்கள முனைக்கு அனுப்புறதே இல்ல. இது வெளிய தெரிஞ்சா எல்லாரும் பிள்ளைங்கள உக்கார வச்சுக் கவிதையப் புரியவைக்க ஆரம்பிச்சுடுவாங்க. அதனால அந்தக் குடும்பங்கள்கிட்ட யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு உறுதி வாங்கிடுவோம்.”

ரெஜினாள் எல்லாவற்றையும் கொட்டினாள். இவனுக்குக் கவிதை புரிந்தது, எனக்கே இவன்தான் புரியவைத்தான், நான்தான் அதை இவனுக்குள் அடித்துப் போட்டேன் என்றாள். ஆலை மணியைச் சொன்னாள். பதிவுக்குரலை, மெட்டை, தலைகீழாகச் சொல்ல வைத்ததை, அடுத்த வீடுகளுக்குக் கற்றுக்கொடுத்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அதிகாரி குறுக்கே பேசவே இல்லை. அவர் மணிக்கட்டில் இருந்த குரல்பதிவி சின்னதாக மினுக்கிக்கொண்டிருந்தது.

“இந்த ஊர்ல மட்டும் இத்தனை வெள்ளை எப்படி வந்துதுன்னு எங்களுக்குப் புரியாம இருந்தது,” என்றார் அவர் கடைசியில். “யாருக்கும் பழகிப்போகாத கவிதைன்னு பாத்துப் பொறுக்கி எடுத்தது அது. நீங்க பழக்கிட்டீங்க.”

இன்னொரு தடவை பார்க்கச் சொல்லி ரெஜினாள் கெஞ்சினாள். அதிகாரி மறுக்கவில்லை. பையிலிருந்து அகமானியை எடுத்துக் கிளீட்டஸின் நெற்றியில் கட்டினார். அவன் கவிதையை நிதானமாக வாய்விட்டுப் படித்தான். முயன்று பார்க்கிறான் என்று தெரிந்தது. நெற்றி சுருங்கியது. அந்தக் கால், அந்தப் பஞ்சு என்று அம்மா பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தாள். பட்டை வெள்ளையாகவே இருந்தது.

அப்போது அதிகாரி ஒரு யோசனை சொன்னார். நாடு முழுவதும் ஊதா வருவதால் முனைக்கு அனுப்ப முடியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரெஜினாள் வாரியத்தில் சேர்ந்து அவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுப்பதென்றால், கிளீட்டஸ் வீட்டிலேயே இருக்கலாம்.

ரெஜினாள் மகனைப் பார்த்தாள். அவன் பட்டையை அவிழ்த்து அழகாகச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“ஒத்துக்கோங்கம்மா,” என்றான். “அடுத்த வீட்டுப் பிள்ளையளுக்குத்தான?”

காலணிக்குள் நிறைந்த மண்ணைப் பற்றிச் சொல்லும்போது குரல் அடைத்த பையன் அவன். இப்போது அவன் முகத்தில் சூதும் இல்லை, பயமும் இல்லை. கடையில் சாமானுக்கு விலை விசாரித்தால் எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னான். தான் செய்தது என்ன என்பது ரெஜினாளுக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. முடியாது என்று அதிகாரியிடம் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

அதிகாரி வற்புறுத்தவில்லை. தம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு எழுந்தார். “பரவாயில்லம்மா. நீங்க இப்பச் சொன்னதே எங்களுக்குப் போதும்,” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனார்.

வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் கூட்டம் தாங்கவில்லை. அவர்கள் தெருவிலிருந்து மட்டும் எட்டுப் பிள்ளைகள். ஒரு பிள்ளையும் அழவில்லை. கிளீட்டஸ் அவள் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லிவிட்டு, வரிசையோடு படியேறினான். அவள்மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போகமாட்டானா என்று அவள் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் நகர்ந்ததும் மரியதங்கம் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அவளைக் கட்டிப்பிடித்துக் கதறினாள். சொல்லியிருக்கணும், நான் உங்கிட்ட சொல்லியிருக்கணும் என்று அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ரெஜினாளும் அழுகை வரும் என்று காத்திருந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு மகன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அத்தனை நாளும் அவனோடு உட்கார்ந்து, அவனுக்குச் சமமாக அவளும் கவிதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

அழுகை வரவில்லை. மரியதங்கத்தின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி நின்றபோது, மாலை முறைக்கு ஆலைக்குப் போக வேண்டுமே, பேருந்து இருக்குமா என்ற நினைப்புதான் அவளுக்கு வந்தது.