பின்சுவரின் வெளிச்சம்

மானிட்டரை அணைத்த பிறகும் ஒளி மீட்டர் பூஜ்யத்துக்கு வரவில்லை. 0.02 என்று காட்டியது.

சுகாசினி லென்ஸை மூடிப் பார்த்தாள். பூஜ்யம். திறந்தாள். மறுபடியும் 0.02. மீட்டரில் கோளாறு இல்லை. அறையில்தான் எங்கோ வெளிச்சம் இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு காலத்தில் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் அவித்துப் பசை நீக்கிய கொட்டகை அது. இப்போது ஜன்னல்களை அடைத்து, சுவருக்குக் கறுப்பு அடித்து, எக்ஸ்ரே பார்க்கும் மானிட்டர்களின் ஒளிர்வை அளக்கும் இருட்டறையாக்கியிருந்தார்கள். எத்தனை முறை கழுவியும் வாடை மட்டும் போகவில்லை. அவிந்த பட்டுப்புழுவும் ஊறிப்போன சோப்பும் சேர்ந்த அந்த நாற்றம் மத்தியான வெக்கையில் கிளம்பி, தொண்டையில் இறங்காமல் நாக்கின் அடியிலேயே தங்கிவிடும்.

"தாவீதண்ணே, ரூம்ல எங்கியோ வெளிச்சம் இருக்குது."

"யூனிட் மாத்தறப்ப தப்பு பண்ணியிருப்பம்மா." இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. பத்து வருடமாக அந்த அறையிலேயே உட்கார்ந்து அளப்பவர். "அது ஃபுட்லாம்பர்ட்ல காட்டும். நிட்டுக்கு மாத்த 3.426-ஆல பெருக்கணும். நீ வகுத்திருப்ப."

அவள் பெருக்கித்தான் இருந்தாள். 0.07 நிட். மானிட்டரின் கறுப்போடு அது கலந்துவிட்டால் சான்றிதழே பொய். யாருடைய நுரையீரலிலோ இருக்கும் சின்னப் புள்ளி டாக்டரின் கண்ணுக்குத் தப்பிவிடும். அவள் அப்பாவுக்கு அப்படித்தான் தப்பியது.

மீட்டரைச் சுவரோரமாக மெல்லத் திருப்பிக்கொண்டே போனாள். கதவுப் பக்கம் பூஜ்யம். பின்சுவர் 0.05. மூலையில் 0.40. கை தானாகச் சுவரைத் தொட்டது.

சுவர் ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும்.

விரலை எடுத்தாள். அதோடு ஏதோ இழுபட்டு வந்தது, அறுபடாமல், சளி போல. மீட்டரை அங்கேயே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கதவுத் திரைச்சீலையை விலக்கி வெளியே ஓடினாள். முற்றத்து வெயிலில் பார்த்தபோது விரல்களுக்கிடையே மஞ்சளாக ஒரு பசை நூல் தொங்கியது. குழாயடியில் தேய்த்தாள். போகவில்லை. மண்ணைப் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணுக்குள் புகுந்துகொண்டது.

"அண்ணே, வெளிய வாங்க. சுவத்துல என்னமோ இருக்குது."

"ரீடிங் முடியட்டும்மா. நீ எழுதிக்கோ. பாயின்ட் ஒன்பது."

பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள். அவளையும் அறியாமல் மனம் பெருக்கியது: மூன்று நிட்.

"மூணு," என்றார் உள்ளிருந்து.

பத்து நிட். சுவர் அந்த அளவுக்கு ஒளிர முடியாது. இருட்டில் ஒரு சுவர் ஒளிரவே முடியாது.

"அண்ணே, போதும். வாங்க."

"பன்னண்டு." குரல் குழைந்திருந்தது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல. "எழுதிக்கினியாம்மா?"

நாற்பத்தொன்று நிட்.

அப்படியே ஓடிவிடலாம். ஆனால் உள்ளே இருப்பது தாவீதண்ணன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தவர். ஈரக் கையால் திரைச்சீலையை ஒரு சாண் விலக்கினாள்.

வாடை முகத்தில் அறைந்தது.

உள்ளே வெளிச்சம். மஞ்சள் வெளிச்சம். விளக்கே இல்லை.

அவர் சுவரைப் பார்த்து மண்டியிட்டிருந்தார். மீட்டர் தரையில் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. கன்னத்தின் தோல் வழியே பற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, உள்ளே விளக்கு ஏற்றியதுபோல. கீழுதட்டிலிருந்து ஒரு நூல். ஈரமாக. ஒளிர்ந்துகொண்டு. சுவர்வரை.

சுவர் முழுக்க நூல். அடுக்கடுக்காக. பத்து வருடத்து நூல்.

"இருபதும்மா," என்றார், நூலை விடாமல்.

தலை இடம் போனது. வலம் வந்தது. மெதுவாக, வளைந்து, மறுபடியும் இடம்.