மீனின் கண்ணில் முளைத்த செல்

அடிபட்ட பிறகு லிங்கராஜ் ஆசைப்பட்டு வெளியே கிளம்பியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். சட்டைக்கு இஸ்திரிகூடப் போட்டுக்கொண்டார்.

கழக்கூட்டம் என்ற ஊரில் கட்டிட வேலையின்போது, கம்பி அறுக்கையில் இரும்புத் துணுக்கு ஒன்று தெறித்து அவர் வலது கண்ணுக்குள் பாய்ந்துவிட்டது. அந்தக் கண்ணில் இப்போது பார்வை இல்லை.

ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் கலைச்செல்விதான் அந்த ஆசையைக் கிளப்பிய செய்தியைக் கொண்டுவந்தாள்.

"மீனுக்குக் கண்ணுல அடிபட்டா உள்ள செல்லு திரும்ப வளருமாம்ப்பா. ஞாயித்துக்கிழமை ஆராய்ச்சி நிலையத்துல எல்லாருக்கும் காட்டுறாங்களாம். டீச்சர் சொன்னாங்க."

"மனுசனுக்கு?"

"கேட்டுப் பாப்போம்ப்பா."

ஆராய்ச்சி நிலையத்தில் பிந்து என்ற மலையாள ஆராய்ச்சியாளர் கணினித் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். அடிபடாத மீன் கண்ணின் நரம்புச் செல், குட்டி மரம்போல அழகாகக் கிளை விரித்திருந்தது. காயத்துக்குப் பிறகு வளர்ந்த செல்லில் ஒரு கிளை மட்டும் எங்கோ நீண்டு போயிருந்தது.

"இது கோணலா இருக்கே!" என்றாள் கலைச்செல்வி.

"ஆமா மோளே. நிறைய செல் பழைய மாதிரியே வளரும். சிலது இப்படிக் கோணிப்போகும். ஆனா மீன் நல்லா பாக்கும், கேட்டோ! தீனி போடப் போனா என் விரலையே கடிக்க வரும்."

லிங்கராஜ் முன்னால் வந்தார். "கோணலா வளந்தாலும் பரவால்லம்மா. எனக்கும் வளர வைக்க முடியுமா?"

பிந்துவின் சிரிப்பு நின்றது.

"மனுஷக் கண்ணு தானா அப்படி வளராது, சேட்டா. மீன் எப்படி வளர்க்குதுன்னு இப்பதான் படிச்சிட்டிருக்கோம். எப்ப முடியும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"சரிம்மா" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கலைச்செல்வி அப்பாவிடம் சொன்னாள்: "நான் உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கவே கூடாதுப்பா."

"நீ என்ன செய்வே பிள்ளே" என்றபடி அவர் சாலையில் கால் வைத்தார். வலப்பக்கத்திலிருந்து வந்த பைக் ஒன்று உரசாத குறையாக விலகிப் போனது. அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். அங்கிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கலைச்செல்வி ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்கத்தான் நினைத்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் அம்மா பிடித்தபோது, "நான் என்ன குருடனா?" என்று உதறிவிட்டாரே!

அவள் சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் வந்து நின்றாள்.

"அப்பா, எனக்குப் பயமா இருக்கு. என் கையைப் பிடிச்சுக்கிடுங்க."

"இவ்வளவு வளந்துட்டே, ரோட்டைக் கடக்கப் பயமா?" என்றார். ஆனாலும் கையை நீட்டினார்.

பிறகு அவர் மெல்லக் கேட்டார்.

"வண்டி வருதாம்மா?"

"ஒரு லாரி வருதுப்பா... போயிட்டுது. இப்ப வாங்க."

இருவரும் சாலையைக் கடந்து, கைகோத்தபடியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.