அவரை வேரில் பதினோரு வகை

“நிறுத்துங்க. எதுக்கு அதைப் பிடுங்குறீங்க?”

ராசிபுரம் ரோட்டோரம் ஸ்கூட்டியை அப்படியே போட்டுவிட்டு லிடியா வரப்பில் ஓடிவந்தாள். தூறல் வேறு. அவரைச் செடிகளை வேரோடு பிடுங்கி எறிந்துகொண்டிருந்த இனியன் நிமிர்ந்தான். அவனது நனைந்த இமைகளுக்குள் அப்படியொரு கோபம்... அதுவும் அழகாக இருந்து தொலைத்தது.

“எங்க காடுங்க. சீக்குப் புடிச்ச செடிய நான் புடுங்குறேன். உங்களுக்கென்னங்க?”

“எது சீக்கு?”

“வேரைப் பாருங்க, முடிச்சு முடிச்சா. போன வருசம் தக்காளி இப்படித்தான் போச்சு.”

அவள் ஒரு முடிச்சை நகத்தால் கீறினாள். உள்ளே இளஞ்சிவப்பு. “தக்காளிக்கு வந்தது புழு. இது பாக்டீரியா. காத்துல இருக்கற தழைச்சத்தைப் பிடிச்சுச் செடிக்குக் கொடுக்குது. சோறு போடறவங்களையே நீங்க வெளியே தள்ளிட்டிருக்கீங்க.”

இனியன் கையிலிருந்த செடியை அவசரமாகத் திரும்ப நடப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பொழைக்காதுங்களா?”

“பிழைக்காது. எனக்குக் கொடுங்க.”

லிடியா சேலத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவள். அந்த வேர்களில் டிஎன்ஏ பார்த்தால், ஒரே காட்டில் பதினோரு வகை பாக்டீரியா! அதைச் சாக்கிட்டு, வேர்களை எடுத்துப்போக ஒரு ஐஸ் பெட்டியோடு வாராவாரம் வந்தாள். ஐந்து செடி போதும் என்ற இடத்தில் பத்துச் செடிக்கு உட்கார்ந்தாள்... மண்ணைத் தட்டிக் கொடுக்க அவன் பக்கத்தில் உட்காருவானே.

“பதினோரு வகையும் அடிச்சுக்காதுங்களா?”

“அடிச்சுக்கும். அதுக்காக ஊரை விட்டு ஓடிடாது.”

ஒருநாள் இனியனின் அப்பா செங்கோடன் வரப்பில் நின்று கேட்டார். “எந்த ஊரு சாமி? குலதெய்வம் எது?”

“அம்மாபேட்டைங்க. நாங்க மாதா கோயில்.”

அவர் மகனிடம் திரும்பினார். “அவரை போதும். நாளைக்கு உழுது போடு. வேரு இல்லீன்னா இந்தப் புள்ளைக்கு இங்க என்ன சோலி?”

இனியன் தரையைப் பார்த்தான். லிடியாவுக்கு அதுதான் வலித்தது. எனக்காக இந்த ஆள் வாயே திறக்க மாட்டானா?

மறுநாள் இனியன் ஓட்டிவந்த டிராக்டர் காட்டுக்குள் திரும்பியபோது, அவரைக்கு நடுவில் அவள் நின்றிருந்தாள். கையில் ஐஸ் பெட்டி இல்லை.

“நகருங்க லிடியா... அப்பா பாக்குறாரு.”

“பாக்கட்டும். எனக்கு வேண்டிய வேரெல்லாம் போன மாசமே கிடைச்சிருச்சு. அப்புறம் வந்ததெல்லாம் உங்களுக்காக. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இப்ப உழுங்க.”

எஞ்சின் நின்றது. இனியன் இறங்கிப் போய், அப்பாவின் கையில் சாவியை வைத்தான்.

“உழுவறதுன்னா நீங்களே உழுதுக்கோங்கப்பா. கட்டுனா இவங்களத்தான் கட்டுவேன்.”

“என்னைக் கேட்டீங்களா?” என்றாள் பின்னாலிருந்து லிடியா.

“கேக்கலீங்க...” திரும்பினான். கண் கலங்கியிருந்தது. “இப்பக் கேக்கறேன். கட்டிக்கிறீங்களா?”

பெரியவர் காதிலும் நன்றாக விழட்டும் என்று அவள் சத்தமாகவே சொன்னாள்.

“கட்டிக்கிறேன்.”