பீரோவுக்குப் பின்னால் ஒரு சுவர்

வீட்டு ஆய்வாளர் கூரையை அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார். நேராக டீச்சரின் வாளிக்குள் காலை விட்டார்.

"கண்ணு மேலயே இருந்தா கால் இப்படித்தான் சார் குளிக்கும்..." மாப்பை ஊன்றிக்கொண்டு சொன்னாள், நர்சரிப் பள்ளி டீச்சர்.

"மேல பாக்கத்தாங்க சம்பளமே குடுக்கறாங்க."

சொட்டச் சொட்ட நின்றபடி சிரித்தார். மழைக்கு முந்தைய வெளிச்சம் மாதிரி கண்கள்... டீச்சர் அவசரமாகத் தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே.

பட்டாளக் குடியிருப்பைப் பழுது பார்க்க அரசு நிதி ஒதுக்கியிருந்தது. எங்கெங்கே பழுது என்று வீடு வீடாகப் பார்க்கத்தான் இவரை அனுப்பியிருந்தார்கள். ஆனால் பட்டாளத்துக் குடும்பங்களுக்குத் தெரிந்த ஆய்வு ஒன்றே ஒன்றுதான்... அதிகாரி வருகிறார், வீடு பளபளக்க வேண்டும்! டீச்சரின் அம்மாவுக்குக் கணவரும் பட்டாளம், மகனும் பட்டாளம். கேட்க வேண்டுமா? விடிந்ததும் விடியாததுமாகப் பீரோவைத் தள்ளி, ஈரம் ஊறிக் கறுத்த சுவரை மறைத்துவிட்டார்.

"எங்கயாவது ஒழுகுதாம்மா?"

"என் பையன் வீட்லயா? நல்லாக் கேட்டீங்க போங்க!"

'பழுது இல்லை' என்று எழுதிக்கொண்டு, ஒற்றைக் காலில் சளக் சளக்கென்று கிளம்பினார் மனிதர்.

உள்ளே அண்ணன் குழந்தை இருமியது. மூன்று மாத இருமல். அந்தச் சுவர் காயாமல் மருந்து வேலை செய்யாது என்று டாக்டர் கைவிரித்திருந்தார். பழுதுப் பட்டியலோ இன்று மாலையோடு முடிகிறது.

"அம்மா, அவரைக் கூப்பிட்டுக் காட்டிடலாம்."

"உங்கண்ணன் எல்லையில நிக்கிறான். இங்க அவன் வீடு நாறுதுன்னு ஊருக்கே சொல்லப் போறியா?"

"ஊருக்கு இல்லம்மா... அந்த ஒரு ஆளுக்கு மட்டும்."

மழை பிடித்துக்கொண்டது. குடை எடுக்கத் தோன்றவில்லை அவளுக்கு. கடைசிக் கட்டடத்தின் படிக்கட்டில் அவரை மடக்கினாள்.

"நாங்க பொய் சொல்லிட்டோம் சார்... பீரோவை நகர்த்திப் பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். நனைந்த இமைகளையும் சேர்த்துத்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"பன்னெண்டு வீட்லயும் பீரோ ஒரே மூலையில நின்னுச்சுங்க! என்ன ஒத்துமைன்னு மெச்சிக்கிட்டு வந்தேன்..."

பன்னிரண்டு பீரோக்களும் நகர்ந்தன. அம்மா மகளோடு பேச ஒரு வாரம் ஆயிற்று. கூரை வேலைக்கு ஆள் வர ஒரு மாதம்... அரசாங்கமாயிற்றே! வேலையை மேற்பார்வையிட வந்த ஆய்வாளர், மற்ற சுவர்களை நிமிடத்தில் பார்த்துவிட்டு, இந்தச் சுவரை மட்டும் அரைமணி நேரம் ஆராய்ந்தார். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஏன் மூடவேயில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

எல்லாம் முடிந்து, குழந்தை இருமாமல் தூங்கிய ஒரு மதியம். பழுதுப் பட்டியல் இல்லாமல் வெறுங்கையோடு வாசலில் நின்றார் ஆய்வாளர்.

"இந்தக் குடியிருப்பு இனிமே என் பொறுப்பு இல்லைங்க. நானே கேட்டு மாத்திக்கிட்டேன்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "எங்க சுவரு அவ்வளவு சலிச்சுப்போச்சா?"

"ஆய்வு பண்ற வீட்ல ஒரு வாய் தண்ணிகூட வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு விதி. அப்புறம்... பொண்ணு எப்படிங்க கேக்கிறது?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

"அம்மாவைக் கேக்கப் போறீங்களா, என்னையா?"

"உங்களைத்தான். என்னைப்... பிடிச்சிருக்கா?"

"ம்... பிடிச்சிருக்கு." அவள் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க... உரக்கவே சொல்லிடறேன். பிடிச்சிருக்கு!"