கயிற்றை இழுக்காதீங்க மச்சான்

அன்று காலை கிண்ணியாப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனதில் எனக்கு ஏற்கெனவே தலை கொதித்திருந்தது. பக்கத்தில் இருந்த சஜீத் வேறு, வழி நெடுக வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தான். என் தங்கை ரிஸ்லாவின் புருசன். அவளுக்கு இது ஏழாம் மாதம். பிறக்கப்போவது பொம்பிளைப் பிள்ளைதான் என்று அவனே தீர்மானித்துப் பெயரும் தேடிக்கொண்டிருந்தான்.

"மச்சான், அப்ரா எண்டு வைப்பமா?"

"முதல்ல புள்ள பொறக்கட்டும். இண்டைக்குத் தாங்கிக்குள்ள இறங்குற வேலை. அதுல புத்திய வைங்க."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். டொலுவீன் கிடந்த தாங்கியின் வாயில் காவல் நிற்கிறவன் சிரித்துப் பேசுகிற ஆளாக இருந்தால்தான் ஆபத்து.

திருகோணமலைத் துறைமுகத்தின் உள்குடாவை ஒட்டி, கண்டல் மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் களஞ்சியம். படகுக்கு அடிக்கிற பெயின்ற்றைக் கரைக்க டொலுவீன் அங்கிருந்துதான் போகும். தின்னர் வாசம், முதலில் இனிப்பாக இருக்கும். கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனால் காரணமில்லாமல் சிரிப்பு வரும். பிறகு தலை சுற்றும். பிறகு வாசமே தெரியாது. அந்த நிலைக்கு வந்தவன் சொந்தக் காலில் வெளியே வரமாட்டான். அதன் ஆவி காற்றைவிடப் பாரம், அடியில் போய்ப் படுத்துக் கிடக்கும். ஒரு பொறி பட்டால் தாங்கி, நாங்கள், எல்லாம் சாம்பல். அதனால் இரும்புச் சுத்தியலைக்கூட நாங்கள் கிட்டே விடுவதில்லை, மரச் சுத்தியல்தான்.

முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் போட்டு, ஹோஸ் வழியாக வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டுதான் ஆள் உள்ளே இறங்குவான். அதைப் போட்டவனால் கதைக்க ஏலாது, 'ம்ம்' என்ற முனகல்தான் வரும். ஆகவே எங்களுக்குள் தட்டுத்தான் பேச்சு. நான் மேலே இரண்டு தட்டுவேன். உள்ளே இருப்பவன் இரண்டு தட்டுவான். பதில் வராவிட்டால் தாங்கி வாய்க்கு மேலே உள்ள கப்பியின் கைப்பிடியைச் சுற்றி ஆளைக் கயிற்றோடு மேலே இழுக்க வேண்டும். காவல்காரன் என்ன நடந்தாலும் உள்ளே இறங்கக்கூடாது. இறங்கினால் எடுக்க வேண்டியது இரண்டு மையித்து.

எனக்கு முன் இதே தாங்கிக்குக் காவல் நின்ற முருகேசு அண்ணன் இறங்கினார். சல்லி என்ற ஊர்க்காரர், இந்த விசயத்தில் எங்கள் எல்லாரையும்விடக் கறார். அவரைப் பிணமாக அடியிலிருந்து எடுத்தபோது முகத்தில் மாஸ்க் இல்லை. யாரைக் காப்பாற்ற இறங்கினார் என்று இன்றுவரை ஒருவருக்கும் விளங்கவில்லை. உள்ளே வேலை செய்தவன் அந்நேரம் வாசல் கேற்றடியில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றான்.

தாங்கிக்குள் யாருமே இருக்கவில்லை.

அதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றால் வேலை நடக்காது. ஆவி அளக்கும் மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தேன், சரி காட்டியது. காற்று அனுப்பும் இயந்திரத்தை எங்களோடு வேலை செய்யும் சிவரூபன் கேற்றடியில் வைத்து ஓட்டினான். அதன் எஞ்சினில் பொறி தட்டும் என்பதால் அவ்வளவு தூரம். சஜீத்தின் முதுகுப் பட்டியில் கயிற்றை மாட்டினேன். இன்றைக்குத் தாங்கியின் இந்தப் பாதி மட்டும்தான் துப்பரவு. அதற்கு மேல் போக ஏலாதபடி கயிற்றை அளந்து கட்டியிருந்தேன்.

"பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு அவன் இறங்கினான்.

வெயில் ஏறியது. நான் தட்டினேன். அவன் தட்டினான். உள்ளே அடியில் படிந்த மண்டியை வாரும் சத்தம் சரக் சரக் என்று கேட்டது. மறுபடி தட்டினேன். மறுபடி தட்டினான்.

பிறகு வாரும் சத்தம் நின்றது.

சுத்தியலைத் தூக்கினேன். நான் தட்டுமுன் கீழேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

"விளையாடாதீங்க சஜீத்" என்று குனிந்து ஏசினேன். குனிந்த முகத்தில் இனிப்பு வாசம் அடித்தது. மண்டியைக் கிளறினால் ஆவி கிளம்பும்தான். ஆனால் இது அளவுக்கு அதிகம். உடனே பலமாக இரண்டு தட்டினேன்.

பதில் வந்தது, தாங்கியின் அந்தக் கோடியிலிருந்து.

அங்கே கயிறு போகாது.

கப்பியின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"மச்சான்."

சஜீத்தின் குரல். பஸ்ஸில் பக்கத்தில் இருந்து கதைத்த அதே குரல், அவ்வளவு தெளிவு.

"இழுக்காதீங்க மச்சான். கயிறு கழுத்துல சுத்திட்டு. இழுத்தா செத்திருவன்."

"மாஸ்க் எங்க?"

"கழண்டுட்டு. ஒரு கை குடுத்தாப் போதும். இறங்கி வாங்க."

கயிறு தொய்ந்து கிடந்தது. உள்ளே ஒரே இருட்டு. சிவரூபனைக் கூப்பிட்டேன், எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. மாஸ்க் கழன்றவன் என்றால் குரல் தெளிவாகத்தானே வரும்? கழுத்தில் கயிறு இருந்து நான் இழுத்துவிட்டால்? மாஸ்க் போட்டவன் பேசமாட்டான், கழன்றவன் இவ்வளவு நேரம் இப்படி நிதானமாகப் பேசமாட்டான் என்று மனம் சொன்னது. ஆனால் அது சஜீத்தின் குரல்.

"ரிஸ்லாக்கு என்ன சொல்லப் போறீங்க மச்சான்?"

அப்போதுதான் பார்த்தேன். என் வலது கால் தாங்கியின் வாய்க்குள் இருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்குத் தெரியாது.

காலை வெளியே இழுத்தேன். கப்பியைச் சுற்றினேன்.

கயிறு விறைத்தது. பாரம் ஏறியது. கீழே தொண்டை நெரிபடும் சத்தம் கேட்டது. நான் ஒரு சுற்றுச் சுற்ற, அது ஒரு முறை நெரிபட்டது. அடுத்த சுற்றுக்கு இன்னொரு முறை. என் தங்கையின் புருசனை என் கையாலேயே கொல்கிறேன் என்று நினைத்து வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டேதான் சுற்றினேன்.

தலை வெளியே வந்தது.

மாஸ்க் முகத்தில் இருந்தது. பட்டிகள் எல்லாம் நான் இறுக்கியபடியே இருந்தன. ஹோஸ்தான் மாஸ்க்கோடு சேரும் இடத்தில் கழன்று தொங்கியது. காற்றுக்குப் பதிலாக அவன் ஆவியைச் சுவாசித்திருக்கிறான். கழுத்தில் கயிறு இல்லை, ஒரு கீறல்கூட இல்லை.

மயங்கிக் கிடந்தவனை வெளியே போட்டு மாஸ்க்கைக் கழற்றினேன். மூச்சு இருந்தது.

கீழே அந்தத் தொண்டை இன்னும் நெரிபட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அது சிரித்தது.

சிவரூபன் ஓடிவந்தான். ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துச் சஜீத்தைக் கேற்றடிக்குக் கொண்டுபோய் அம்புலன்ஸில் ஏற்றினோம். நான் கூடப் போனேன். தாங்கி வாய் திறந்தபடியே கிடந்தது.

பின்னேரம் திருகோணமலை ஆஸ்பத்திரியில் சஜீத் கண் விழித்தான். கட்டிலைச் சுற்றி ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து என் கையைப் பிடித்தான்.

"ஏன் மச்சான் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"ஹோஸ் கழண்ட உடனே தட்டப் பாத்தன். நீங்க பக்கத்துல நிண்டு, 'காத்து நல்லாத்தான் இரிக்கி, மாஸ்க்கைக் கழட்டுங்க' எண்டு சொன்னீங்க. திருப்பித் திருப்பிச் சொன்னீங்க. கை தூக்க ஏலாமப் போயிட்டு. இல்லாட்டிக் கழட்டியிருப்பன்."

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவன் கையை விடாமல் அப்படியே இருந்தேன்.

ரிஸ்லா அழுதுகொண்டு வந்து சேர்ந்ததும் நான் வெளியே வராந்தாவுக்கு வந்தேன். போன் அடித்தது. சிவரூபன்.

"ஜவாஹிர் அண்ணன், எங்க நிக்கிறீங்கள்?" கிசுகிசுத்தான்.

"ஆஸ்பத்திரியில. சஜீத் கண் முழிச்சிட்டார். நீ எங்க?"

போனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"சிவரூபன், எங்க நிக்கிறாய்?"

"மூடியைப் பூட்ட வந்தனான். தாங்கிக்கு மேல நிக்கிறன்."

"போனோடயா அங்க நிக்கிறாய்? உடன இறங்கு. பூட்டவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். கேற்றடிக்கு ஓடு."

"நீங்கள் 'உள்ள விழுந்திட்டன்' எண்டு கூப்பிட்டீங்கள் அண்ணன். கை குடு எண்டு கேட்டீங்கள்."

"அது நானில்ல. நான் இங்க நிக்கிறன். என்ர குரல் உனக்குக் கேக்குதுதானே?"

"கேக்குது" என்றான். அவன் குரல் உடைந்தது. "அங்கயும் நீங்கள்தான் கதைக்கிறீங்கள். இங்கயும் நீங்கள்தான். போனில கதைக்கிறதை நம்பாத எண்டு கீழ நிண்டு சொல்லுறீங்கள். நான் எதை அண்ணன் நம்புறது?"

வாயைத் திறந்தேன். நான் ஒரு சொல் சொல்லுமுன், போனுக்குள் தூரத்தில், இரும்புச் சுவரில் மோதி வந்த என் குரல் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

அவன் அதற்கு, "ஓம் அண்ணன்" என்றான்.